நல்ல பெயர் யார் கொடுப்பது?

(அச்சுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த வாலிபர்களின் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



புத்தி இருந்தால் போதும், நல்ல பெயர் எடுத்தால் போதும், கையில் காலணா இல்லாத பிள்ளையும் முன்னுக்கு வந்துவிடலாம் என்று நமக்குச் சின்ன வயது முதல் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்கிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி சொல்கிறார். சம்பள உயர்வு கேட்கும் நாளில் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார். இதைக் கேட்டதும், "எல்லாம் பணக்காரன் கட்டிவிட்ட கதை" என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவது நம்மில் சிலருக்கு வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரு கதை இருநூறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கிறது என்றால் அதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும். எவ்வளவு உண்மை, எது வரைக்கும் உண்மை என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

அதற்காக இன்று உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவனையே கொண்டுவந்திருக்கிறேன். அவன் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். அமெரிக்காவின் நூறு டாலர் நோட்டில் படமாக இருக்கிறாரே, அவரேதான். இடியும் மின்னலும் மின்சாரந்தான் என்று காட்டியவர், இங்கிலாந்தை எதிர்த்த சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். அந்தப் பெரிய மனிதரைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. எழுத்துக் கோத்துக் கை கறுத்த பையனைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1706ல் பாஸ்டன் நகரில் பிறந்தான். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்பவர். இரண்டு மனைவிகள் மூலம் பதினேழு பிள்ளைகள். ஆண் பிள்ளைகளில் இவன் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு வருஷம். பத்து வயதில் கொழுப்புக் காய்ச்சும் கொப்பரைக்கு முன்னால் நின்றான். பன்னிரண்டு வயதில், 1718ல், அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் அவனை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுப்பது என்றால் பத்திரம் எழுதித்தான். இருபத்தொரு வயது வரை வேலை செய்ய வேண்டும். சோறும் துணியும் உண்டு. கடைசி ஒரு வருஷம் மட்டுந்தான் கூலி. அண்ணன்தானே என்று நினைக்காதீர்கள். அண்ணன் அடித்தான், அடிக்கடி அடித்தான்.

இந்தப் பையனுடைய புத்தி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். புத்தகக் கடையில் வேலை செய்யும் பையன்களைச் சிநேகம் பிடித்தான். கடை மூடும்போது ஒரு புத்தகத்தை வாங்கி வந்து, இரவெல்லாம் விழித்துப் படித்து, விடிந்ததும் அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுத்துவிடுவான். பிறகு மாமிசத்தை விட்டான். "என் சாப்பாட்டுச் செலவில் பாதியை என்னிடமே கொடு, நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று அண்ணனிடம் சொல்லி, அந்தப் பாதியிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினான். எழுதக் கற்ற விதம் இன்னும் வேடிக்கை. லண்டனிலிருந்து வந்த நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறிப்பு எழுதி வைப்பான். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், குறிப்பிலிருந்து கட்டுரையைத் தானே எழுதுவான். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு எங்கே தவறினான் என்று திருத்துவான். வாத்தியாரும் கிடையாது, டியூஷனும் கிடையாது. உங்களில் எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த வித்தையை ஒரு மாதம் செய்து பாருங்கள். நான் இதைவிட நல்ல வழி ஒன்றைக் கண்டதில்லை.

பதினாறு வயதில் அண்ணனுடைய பத்திரிகைக்குத் தானே எழுத ஆசை. தன் பெயரில் கொடுத்தால் அண்ணன் போடமாட்டான். ஆகவே ஒரு நடுவயது விதவை எழுதுவதுபோல் கடிதம் எழுதி, இரவில் அச்சுக்கூடத்துக் கதவின் அடியில் சொருகிவிட்டு வந்தான். காலையில் அண்ணனும் அவன் நண்பர்களும் அதைப் படித்து மெச்சினார்கள். இவன் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்! 1722ல் இப்படிப் பதினான்கு கடிதங்கள் வெளிவந்தன.

அந்த வருஷமே சட்டசபைக்குப் பிடிக்காததை அச்சடித்ததற்காக அண்ணனை ஒரு மாதம் சிறையில் போட்டார்கள். அடுத்த வருஷம், ஜேம்ஸ் இனிப் பத்திரிகை நடத்தக்கூடாது என்று உத்தரவு. என்ன செய்வது? தம்பி பெயரில் பத்திரிகையை வெளியிட்டார்கள். அப்ரண்டிஸ் பெயரில் பத்திரிகை வருகிறதா என்று யாராவது கேட்டால்? பழைய பத்திரத்தின் பின்பக்கத்தில் "விடுதலை செய்தேன்" என்று எழுதி வைத்துக்கொண்டு, மிச்சக் காலத்துக்கு இரகசியமாக ஒரு புதுப் பத்திரம் எழுதிக்கொண்டார்கள். அண்ணன் தம்பிச் சண்டை முற்றியதும் பையன் யோசித்தான்: இரகசியப் பத்திரத்தை இவன் வெளியே காட்டவா போகிறான்? காட்டினால் சர்க்காரை ஏய்த்தது வெளிப்படும். "நான் சுதந்திரமானவன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அண்ணன் பத்திரத்தைக் காட்டவில்லை. ஆனால் பாஸ்டனில் இருந்த ஒவ்வொரு அச்சுக்கூடத்துக்கும் போய், இவனை வேலைக்கு வைக்காதே என்று சொல்லிவிட்டு வந்தான். நன்றாக எழுத்துக் கோக்கும் கை. ஆனால் எந்தக் கதவும் திறக்கவில்லை. "நல்ல பெயர்" என்ற சரக்கை முதலாளிகள் தங்களுக்குள் எப்படிக் கைமாற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பையன் பதினேழு வயதிலேயே கற்றுக்கொண்டான்.

ஓடிவந்தவன்

புத்தகங்களில் சிலவற்றை விற்றுக் கப்பல் ஏறி நியூயார்க் போனான். அங்கே வேலை இல்லை. புயலில் படகு, ஐம்பது மைல் நடை, மழை. வழியில் ஒரு சத்திரத்தில் அவன் கோலத்தைப் பார்த்து, இவன் எங்கிருந்தோ ஓடிவந்த வேலைக்காரன் என்று சந்தேகப்பட்டார்கள். பிடித்து ஒப்படைத்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருவோம்.

1723 அக்டோபரில் பிலடெல்பியா வந்து சேர்ந்தபோது பையில் ஒரு டாலரும் ஒரு ஷில்லிங் பெறும் செப்புக் காசும் இருந்தன. செப்புக் காசைப் படகுக்காரர்களிடம் கொடுத்தான். நீதான் துடுப்புப் போட்டாயே, வேண்டாம் என்றார்கள். வற்புறுத்திக் கொடுத்தான். கொஞ்சமாய்க் காசு வைத்திருப்பவன், கையில் காசில்லை என்று பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே தாராளமாக இருக்கிறான் என்று பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதினார். ஏழைகளின் விருந்தோம்பலைப் பற்றி இதைவிடக் குறும்பான உண்மையை யாரும் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்டான். பெரிய ரொட்டிகள் மூன்று கிடைத்தன. இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒன்றைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான். மற்ற இரண்டையும் படகில் கூட வந்த ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டான்.

வேலை கிடைத்தது. புத்தியால் மட்டுமா? அன்று பிலடெல்பியாவில் மொத்தம் இரண்டே அச்சுக்கூடங்கள். ஒருவருக்குத் தொழிலே முறையாகத் தெரியாது. கீமர் என்ற மற்றவருக்கு எழுத்துக் கோக்கத் தெரியும், அச்சடிக்கத் தெரியாது. ஓட்டை மிஷின், தேய்ந்த எழுத்து ஒரு செட். அங்கே இரண்டு வேலையும் தெரிந்த ஒருவன் போய் நின்றால்? கை குறைவாக இருக்கும் சந்தையில் கைக்கு மதிப்பு உண்டு.

பையனின் பெயர் கவர்னர் வரைக்கும் போயிற்று. கவர்னர் வில்லியம் கீத் நேரே அச்சுக்கூடத்துக்கு வந்தார். கீமர் தன்னைத்தான் பார்க்க வருகிறார் என்று ஓடினான். கவர்னரோ இந்தப் பையனைக் கேட்டார்! ஒயின் வாங்கிக் கொடுத்தார். "நீ தனியாக அச்சுக்கூடம் வை. லண்டனுக்குப் போய் மிஷின் வாங்கி வா. கடன் கடிதம் நான் தருகிறேன்" என்றார். 1724ல் பையன் கப்பல் ஏறினான். தபால் பையைப் பிரித்துப் பார்த்தால் அப்படி ஒரு கடிதமே இல்லை. கப்பலில் உடன் வந்த டென்ஹாம் என்ற வியாபாரி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். கவர்னர் கடன் கடிதம் கொடுப்பதா? அவரை நம்பிக் கடன் கொடுக்க யாருமே இல்லையே!

இந்த டென்ஹாமைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் நொடித்துப்போய், கடன்காரர்களோடு குறைந்த தொகைக்குத் தீர்த்துக்கொண்டு அமெரிக்கா போனவர். அங்கே சம்பாதித்துத் திரும்பியதும் பழைய கடன்காரர்களை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டார். முதல் பண்டம் சாப்பிட்டுத் தட்டை எடுத்தால், ஒவ்வொருவர் தட்டுக்கும் கீழே மிச்சப் பணம் வட்டியோடு! கவர்னருக்கு இல்லாத நல்ல பெயர் இந்த மனிதருக்கு இருந்தது. பதினெட்டு வயதுப் பையன் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்தான்.

அச்சுக்கூடத்துப் பேய்

லண்டனில் நடந்த ஒரு சம்பவத்துக்காகத்தான் உங்களிடம் இந்தக் கதையைச் சொல்லவே வந்தேன். வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கங்கள் பலவற்றில் இது இருக்காது.

வாட்ஸ் என்பவருடைய பெரிய அச்சுக்கூடம். பையன் முதலில் மிஷின் பக்கம் வேலை செய்தான். கூட இருந்தவர்கள் காலையிலிருந்து மாலை வரை பீர் குடிப்பார்கள். ஒருவர் நாளைக்கு ஆறு பைண்ட் குடிப்பார், பலத்துக்காகவாம்! இவன் தண்ணீர் மட்டுந்தான். மற்றவர்கள் ஒரு பாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் படியேறினால், இவன் கைக்கு ஒன்றாக இரண்டு பாரம் தூக்கினான். இன்று கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் உங்களில் பலர் ஈய எழுத்தைக் கையால் தொட்டிருக்க மாட்டீர்கள். கோத்த எழுத்து நிறைந்த பாரம் என்ன கனம் கனக்கும் என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள், தோள்பட்டையைக் காட்டுவார்.

சில வாரம் கழித்து அவனை எழுத்துக் கோக்கும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த தொழிலாளர்கள், புதிதாக வருகிறவன் ஐந்து ஷில்லிங் வரவேற்புப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். "கீழே மிஷின் அறையில் சேர்ந்தபோதே கட்டிவிட்டேன், மறுபடியும் எதற்கு?" என்றான். முதலாளியும் "கொடுக்காதே" என்றார். முதலாளி பக்கத்தில் இருக்கும்போது என்ன பயம்? இரண்டு மூன்று வாரம் பிடிவாதமாக நின்றான்.

அப்புறம் ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்தால் பெட்டியில் எழுத்துகள் கலந்து கிடக்கும். பக்கங்கள் இடம் மாறியிருக்கும். கோத்து வைத்தது கலைந்து கிடக்கும். யார் செய்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில், "பேய்! சேப்பல் பேய்! முறைப்படி சேராதவனை அது விடாது" என்பார்கள். அச்சுக்கூடத் தொழிலாளர்களின் பழைய சங்கத்துக்குச் சேப்பல் என்று பெயர். பிரிட்டனில் பத்திரிகைத் தொழிலாளர் சங்கக் கிளைகளுக்கு இன்றைக்கும் அந்தப் பெயர் உண்டு.

ஊரிலேயே கெட்டிக்காரக் கை, முதலாளியின் ஆதரவு, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. எல்லாம் இருந்தும் வேலை நடக்கவில்லை. கடைசியில் ஐந்து ஷில்லிங்கைக் கட்டினான். நித்தியமும் கூட இருந்து வேலை செய்ய வேண்டியவர்களோடு பகைத்துக்கொள்வது முட்டாள்தனம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஐந்து ஷில்லிங் நியாயமா, அநியாயமா? இரண்டு தரம் வாங்குவது நியாயமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். பணம் கட்டிச் சேர்ந்த பிறகு, அந்தச் சேப்பலின் சட்டதிட்டங்களில் சில திருத்தங்களைப் பையனே முன்மொழிந்தான். எதிர்ப்பை மீறி நிறைவேற்றவும் செய்தான். பீருக்குப் பதிலாக அதே விலைக்கு ரொட்டியும் வெண்ணெயும் மிளகும் போட்ட சூடான கஞ்சி குடிக்கலாம் என்று பலரைப் பழக்கினான். வெளியே நின்றபோது பேய் பிடித்தவன். உள்ளே வந்ததும் அவன் சொல் எடுபட்டது. பீர்க் கடையில் கடன் தீர்ந்துபோன தோழர்களுக்கு அவனே ஜாமீன் நின்றான். சனிக்கிழமை கூலி நாளில் மேஜை பக்கத்தில் நின்று தன் பணத்தை வசூலித்துக்கொண்டான். வாரத்துக்கு முப்பது ஷில்லிங் வரை இப்படி ஜாமீன் நின்ற நாட்களும் உண்டாம்.

கைவண்டி

1726ல் பிலடெல்பியா திரும்பினான். கூட்டி வந்த டென்ஹாம் சீக்கிரமே இறந்துபோனார். மறுபடியும் பழைய கீமரிடமே வேலை. இந்தத் தடவை கீமர் தாராளமாகச் சம்பளம் கொடுத்தார். ஏன் இந்தத் தாராளம்? அச்சுக்கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். விலைக்கு வாங்கப்பட்டவர்கள், பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள், எல்லாரும் மலிவான கூலிக்கு. இவன் அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுத்து முடிந்ததும் இவனை அனுப்பிவிடலாம். பிராங்க்ளினுக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. இருந்தாலும் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தான். எழுத்து குறைந்தபோது, அமெரிக்காவில் எழுத்து வார்ப்பவரே இல்லாத அந்த நாளில், இருக்கும் எழுத்தையே அச்சாக வைத்து ஈயத்தில் வார்த்துக் கொடுத்தான். பையன்கள் தேறத் தேற முதலாளியின் முகம் மாறியது. ஒரு நாள் தெருவில் சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தான் என்பதற்காகக் கீமர் ஊர் கேட்கத் திட்டினார், வேலை போயிற்று.

அந்த மலிவான கைகளில் ஒருவன் ஹியூ மெரிடித். குடிகாரன். அவனுடைய அப்பாவுக்குப் பிராங்க்ளின்மேல் மதிப்பு. இவனோடு சேர்ந்தால் மகன் திருந்துவான் என்று நம்பி முதல் போட்டார். 1728ல் கூட்டு அச்சுக்கூடம் ஆரம்பமாயிற்று.

இனி வருவதுதான் "நல்ல பெயர்" எடுத்த கதை. குவேக்கர் மதத்தாரின் சரித்திரப் புத்தகத்தில் ஒரு பகுதி அச்சடிக்க வந்தது. நாளுக்கு ஒரு பாரம் முடிப்பது என்று நிச்சயம். ஒரு நாள் இரவு வேலை முடிந்ததென்று நினைத்த வேளையில் பாரம் உடைந்து இரண்டு பக்கம் கொட்டிவிட்டது. அத்தனையையும் பிரித்துப் போட்டு, மறுபடி கோத்து முடித்துவிட்டுத்தான் படுத்தான். அக்கம்பக்கத்தார் இந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள். ஊரில் மூன்றாவது அச்சுக்கூடம் தாங்காது என்று வியாபாரிகள் தங்கள் கூடுமிடத்தில் பேசிக்கொண்டபோது, பேர்ட் என்ற வைத்தியர், "நான் வீடு திரும்பும்போதும் அவன் வேலை செய்கிறான், பக்கத்து வீட்டார் எழுந்திருக்கும் முன்பும் வேலை செய்கிறான்" என்று சாட்சி சொன்னார். கொஞ்ச நாளில் ஒரு வியாபாரி, காகிதச் சாமான்கள் கடனுக்குத் தருகிறேன் என்று தேடி வந்தார்.

வாங்கிய காகிதத்தைச் சில சமயம் கைவண்டியில் வைத்து அவனே தெருவழியாகத் தள்ளிக்கொண்டு போவான். ஆள் வைத்திருக்கலாம். ஆனால் ஊர் பார்க்க வேண்டும்! உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, உழைப்பாளியாகத் தெரியவும் வேண்டும் என்பதை அவர் ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார். 1748ல் இளம் வியாபாரி ஒருவனுக்குப் புத்திமதியாக எழுதியதில் இன்னும் பச்சையாகவே சொன்னார்: காலை ஐந்து மணிக்கோ இரவு ஒன்பது மணிக்கோ உன் சுத்தியல் சத்தம் கடன்காரன் காதில் விழுந்தால் ஆறு மாதம் பொறுப்பான், உன் குரல் சாராயக் கடையில் கேட்டால் மறுநாளே பணத்துக்கு ஆள் அனுப்புவான். ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர் 1904, 1905ம் வருஷங்களில் முதலாளித்துவத்தின் மனப்பான்மை இன்னதென்று எடுத்துக்காட்டத் தேடியபோது, இந்தப் புத்திமதியைத்தான் பொறுக்கி எடுத்தார்.

இந்தச் சுத்தியல் சத்தத்தைக் கேட்பவன் யார்? கூடவே சுத்தியல் அடிக்கிறவன் இல்லை, கடன் கொடுத்தவன். லண்டன் அறையில் தோழர்களுக்கு ஜாமீன் நின்ற பெயர் வேறு. கடன்காரன் காதுக்கு விழும்படி எடுக்கிற பெயர் வேறு. இரண்டையும் ஒரே வார்த்தையால் "நல்ல பெயர்" என்கிறோம்.

அந்தப் பெயர் பலித்ததும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை. மெரிடித்தின் அப்பாவால் இருநூறு பவுனில் நூறுதான் கட்ட முடிந்தது. மிஷின் விற்ற வியாபாரி வழக்குப் போட்டார். எல்லாம் ஏலம் போகும் நிலை. அப்போது வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரண்டு நண்பர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், கேட்காமலே வந்து முழுப் பணத்தையும் தருகிறோம் என்றார்கள். ஒருவர் மனம் நோகக்கூடாதென்று ஆளுக்குப் பாதி வாங்கிக்கொண்டான். மெரிடித்தின் கடன்களை ஏற்று, அப்பா போட்ட நூறு பவுனைத் திருப்பி, அவனுக்கு முப்பது பவுனும் ஒரு புதுச் சேணமும் கொடுத்தான். மெரிடித் விவசாயம் பார்க்க வட கரோலினாவுக்குப் போனான். கெட்ட முடிவில்லை.

அந்த நண்பர்கள் இல்லாமல் போயிருந்தால்? அதே கை, அதே கைவண்டி, அதே நள்ளிரவு விளக்கு எல்லாம் இருந்தும் ஏலந்தான். இப்படி ஏலம் போன கெட்டிக்காரர்கள் எத்தனை பேர் என்று யாரும் வாழ்க்கை வரலாறு எழுதவில்லை.

இன்னொரு சமாச்சாரம். 1729ல் காகித நாணயம் அதிகமாக வேண்டும் என்று ஒரு பிரசுரம் எழுதினான். சாமான்ய ஜனங்கள் வரவேற்றார்கள், பணக்காரர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்து எழுத அவர்களிடம் ஆள் இல்லை. சட்டசபை ஒப்புக்கொண்டது. நோட்டு அச்சடிக்கும் வேலையைச் சபையில் இருந்த நண்பர்கள் இவனுக்கே கொடுத்தார்கள். நல்ல லாபம் என்று அவரே சொல்கிறார். நோட்டு வேண்டுமென்று வாதாடியவரும் அவர், நோட்டு அடித்தவரும் அவர்! சிரிக்கலாம், ஆனால் அந்தப் பிரசுரத்தை லேசாக நினைக்காதீர்கள். பொருள்களின் மதிப்பை அதில் அடங்கிய உழைப்பால் அளக்க வேண்டும் என்று இருபத்து மூன்று வயது அச்சுத் தொழிலாளி அதிலே எழுதினான். 1859ல் மார்க்ஸ் அரசியல் பொருளாதாரத்தைப் பற்றி எழுதியபோது இதற்காகப் பிராங்க்ளினைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றவனுக்குத்தான் அது தெரிந்தது.

ஓடினவர்களும் ஓட முடியாதவர்களும்

இப்போது அந்தச் சத்திரத்துக்குத் திரும்புவோம். ஓடிவந்த வேலைக்காரன் என்று சந்தேகிக்கப்பட்ட பையன், 1729 முதல் சொந்தப் பத்திரிகை நடத்தினான். அந்தப் பத்திரிகையின் வருமானத்தில் ஒரு பகுதி எதிலிருந்து வந்தது தெரியுமா? ஓடிப்போன வேலைக்காரர்களையும் அடிமைகளையும் பிடித்துத் தருமாறு எஜமானர்கள் கொடுத்த விளம்பரங்களிலிருந்து. அடிமைகள் விற்பனைக்கு என்ற விளம்பரங்களிலிருந்து. அங்க அடையாளம், உடுத்தியிருந்த சட்டை, பிடித்தவனுக்குச் சன்மானம் எல்லாம் அவன் அச்சுக்கூடத்தில் கோக்கப்பட்டன. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். 1757ல் மகனோடு லண்டனுக்குப் போனபோது கூட்டிக்கொண்டு போன இருவரில் ஒருவர், கிங் என்று பெயர், அங்கே ஓடிப்போனார். பெஞ்சமின் பதினேழு வயதில் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆனால் கறுப்பர் ஒருவர் பாஸ்டனிலிருந்து ஓடி வந்திருந்தால், எந்தக் கெட்டிக்காரத்தனமும் எந்தக் கைவண்டியும் அவரை அச்சுக்கூட முதலாளி ஆக்கியிருக்காது.

பிற்காலத்தில் மனம் மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. 1787ல் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790ல், இறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முன், அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற மனுவில் கையெழுத்திட்டு அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பினார். காங்கிரஸ் ஒதுக்கித் தள்ளியது.

நம் காலத்துக்கு ஒரு வார்த்தை. சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிற பையன்கள், கார் ஓட்டுகிற பையன்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய நல்ல பெயருக்கு இன்று ஐந்து நட்சத்திரம் என்று பெயர். பிராங்க்ளினுக்கு வைத்தியர் பேர்ட் சாட்சி சொன்னார். யார் சொன்னார், என்ன சொன்னார் என்று ஊருக்குத் தெரியும். இந்தப் பையனுக்கு ஒரு நட்சத்திரம் குறைத்தது யார், மழையில் தாமதமானதற்கா, முகம் பிடிக்காததற்கா என்று கேட்க ஆளில்லை. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் அந்த நட்சத்திரங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகவும் முடியாது. உங்களில் சிலரிடம் "என்ன வேலை தெரியும்?" என்று கேட்பதற்கு முன்னாலேயே "எந்தத் தெரு?" என்று கேட்டிருப்பார்கள். அதற்கு என்ன நட்சத்திரம் கொடுப்பது?

கடைசியாக ஒரு பெண்ணைப் பற்றி. பெஞ்சமினுக்கு ஜேன் என்று ஒரு தங்கை. 1712ல் பிறந்தவள், பதினேழு பேரில் கடைசி. இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அண்ணனைப் போலவே படிக்கிற ஆசை, கூர்மையான புத்தி. ஊரில் அவளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினைந்து வயதில் சேணம் தைக்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கடனில் மூழ்கிய குடும்பம். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றாள். அவர்களில் பதினொரு பேரை அவளே புதைக்க வேண்டியிருந்தது. ஓடிப்போவதற்கு அவளுக்கு ஏது கப்பல்? யார் வேலை கொடுப்பார்கள்? அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில்தான் அவளுடைய புத்தி இன்று நமக்குத் தெரிகிறது. அண்ணன் பணம் அனுப்பினார், புத்தகம் அனுப்பினார், குடியிருக்க வீடு கொடுத்தார். கைவிடவில்லை.

1786ல், எழுபத்து நான்கு வயதில், அவள் ஒரு கடிதம் எழுதினாள். பிரைஸ் என்ற ஆங்கில அறிஞரின் புத்தகத்தைப் படித்திருக்கிறாள். வசதியான இடத்தில் வைக்கப்படாததனால் மட்டுமே ஆயிரக்கணக்கான நியூட்டன்கள் அறியாமையிலும் வறுமையிலும் வாழ்ந்து மடிந்திருப்பார்கள் என்று அதில் கண்டதை அண்ணனுக்கு எடுத்து எழுதுகிறாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. தன் எழுத்துப் பிழைகளுக்காக அவள் எப்போதும் வெட்கப்படுவாள். அச்சுக்கூடத்தில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற அண்ணன் அதே வருஷம் அவளுக்கு எழுதினார்: எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாதே, நம்முடைய எழுத்து முறை இருக்கிற லட்சணத்தில் பிழையாக எழுதுவதுதான் பெரும்பாலும் சரியாக இருக்கிறது.